மேம்: ஆர்கேட் கேம்களை அசல் ரெசல்யூஷனில் காட்டுவது எப்படி? (4கே எல்சிடி + 15 கிலோஹெர்ட்ஸ் ட்யூப்)

#1 மறைவரி

மேமில் (பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர்) ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓட்டுகிறேன். திரை 3840×2160 எல்சிடி. முழுத்திரையில் வைத்தால் ஸ்கோர் எழுத்துகளில் சில கோடுகள் தடிமனாகவும் சில மெலிதாகவும் வருகின்றன. பக்கவாட்டில் நகரும்போது தரை முழுக்க நெளிகிறது. ஃபில்டரைப் போட்டால் நெளிவு போகிறது, ஆனால் எல்லாம் மங்கல். கேமின் அசல் அளவு 384×224 என்கிறார்கள். அதே அளவில் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே அனுப்ப முடியுமா? ஸ்கார்ட் (21 ஊசி இணைப்பு) உள்ளீடு உள்ள பழைய ட்யூப் டிவியும் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன அமைப்பு என்று யாராவது விளக்கினால் நல்லது.

———

#2 கேத்தோடு

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேம் எப்போதும் 384×224-இல்தான் வரைகிறது. அதை உங்கள் திரைக்குப் பெரிதாக்கும்போதுதான் கெடுகிறது. எல்சிடியில் பிக்சல்களின் எண்ணிக்கை நிலையானது. 384×224-ஐ அப்படியே அனுப்பினாலும் மானிட்டருக்குள் இருக்கும் ஸ்கேலர் அதை இழுத்து மங்கலாக்கும். அதற்கு முன்னாலேயே ஹெச்டிஎம்ஐ தடுத்துவிடும்: அதன் குறைந்தபட்ச பிக்சல் க்ளாக் (ஒரு நொடிக்கு அனுப்பும் பிக்சல்கள்) 25 மெகாஹெர்ட்ஸ், இந்தக் கேமின் பிக்சல் க்ளாக் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். ஆகவே எல்சிடிக்குப் பெரிதாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும், ட்யூபுக்கு எதையும் பெரிதாக்காமல் அனுப்ப வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

கேமின் உண்மையான கணக்கை மேமின் லிஸ்ட்எக்ஸ்எம்எல் கட்டளை கொடுக்கும். டிஸ்ப்ளே என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு அதில் பிக்சல் க்ளாக் 80,00,000, கிடைமட்ட மொத்தம் 512, செங்குத்து மொத்தம் 262. இரண்டு மொத்தமும் படம் இல்லாத காலி பிக்சல்களையும் காலி வரிகளையும் சேர்த்தவை. 80 லட்சத்தை 512-ஆல் வகுத்தால் 15,625. இது ஒரு நொடியில் வரையப்படும் வரிகள். அதை 262-ஆல் வகுத்தால் 59.637. இது ஒரு நொடியில் வரும் ஃப்ரேம்கள். 60 அல்ல.

இதே முறையில் வேறு சில:

பேக்மேன்: 6.144 மெகாஹெர்ட்ஸ், 384, 264. வரி வேகம் சரியாக 16,000, ஃப்ரேம் 60.606.
நியோ ஜியோ: 6 மெகாஹெர்ட்ஸ், 384, 264. 15,625, 59.186.
ஆர்-டைப்: 8 மெகாஹெர்ட்ஸ், 512, 284. 15,625, 55.018.
மார்டல் காம்பேட்: 8 மெகாஹெர்ட்ஸ், 506, 289. சுமார் 15,810, ஃப்ரேம் 54.707.

"அசல் ரெசல்யூஷன்" என்று சொல்லும்போது உண்மையில் காப்பாற்ற வேண்டியவை வரிகளின் எண்ணிக்கை, ஃப்ரேம் வேகம், படத்தின் வடிவம் ஆகிய மூன்றும்தான். அகலத்தில் எத்தனை பிக்சல் என்பது ட்யூபைப் பொறுத்தவரை ஒரு பொருட்டே இல்லை. ஏன் என்று கீழே வரும்.

———

#3 பிக்சல்பித்தன்

எல்சிடி பகுதியை நான் சொல்றேன்.

தடிமன் மாறுவதற்குக் காரணம் பின்னம். 2160-ஐ 224-ஆல் வகுத்தா 9.64. அதனால சில வரிகளுக்கு 9 பிக்சல், சிலதுக்கு 10. படம் நகரும்போது எந்த வரிக்கு 10 கிடைக்குதுங்கறது மாறிக்கிட்டே இருக்கும், அதுதான் நெளிவு. முழு எண்ணால மட்டும் பெருக்கினா இது போயிடும்.

உங்க திரைக்கு அதிர்ஷ்டம் இருக்கு. உயரம் 224×9 = 2016. 4:3 வடிவத்துக்கு அகலம் 2688 வேணும். 384×7 = 2688. ஒரு பிக்சல்கூட மிச்சமில்லை. மேலேயும் கீழேயும் 72 பிக்சல், ரெண்டு பக்கமும் 576 பிக்சல் கறுப்பு, அவ்வளவுதான். கேப்காமோட சிபிஎஸ்1, சிபிஎஸ்2 ஆர்கேட் போர்டுகள்ல வந்த படுக்கைத் திரை கேம்களுக்கு 4கே திரையில இந்த 7×9 பொருந்தும்.

மேம்ல செய்ய வேண்டியது: அன்ஈவன்ஸ்ட்ரெட்ச்-ஐ 0 ஆக்குங்க. கீப்ஆஸ்பெக்ட் 1-ஆகவே இருக்கட்டும். ஃபில்டர் 0. வீடியோ அமைப்பு பிஜிஎஃப்எக்ஸ்னு இருந்தா ஃபில்டரை நிறுத்தினது மட்டும் போதாது, ஸ்க்ரீன் செயின்ஸ் அமைப்புல அன்ஃபில்டர்ட்-ஐத் தேர்ந்தெடுக்கணும். டிஃபால்ட் செயின் மென்மையாக்கிடும். இவ்வளவு செஞ்சா 7×9-ஐ மேம் தானாகவே கணக்குப் போட்டு எடுத்துக்கும்.

பெசல் படம் (திரையைச் சுத்தி வர்ற சட்டத்தோட படம்) போட்டிருந்தா எடுத்துடுங்க. பெசலோட சேர்ந்த வ்யூல திரை சுருங்கி மறுபடி பின்னம் வந்துடும். டேப் மெனு, வீடியோ ஆப்ஷன்ஸ், அதுல ஸ்டாண்டர்ட் 4:3 வ்யூ.

1080 வரி திரைக்காரங்களுக்கு: 224×4 = 896, 384×3 = 1152. சரியான 4:3-க்கு அகலம் 1194.67 வேணும், அதனால படம் 3.6 சதவீதம் ஒல்லி. பெரும்பாலானவங்க கண்ணுக்குத் தெரியாது. தெரியுதுன்னா அன்ஈவன்ஸ்ட்ரெட்ச்எக்ஸ் போடுங்க: உயரம் முழு எண்ணா இருக்கும், அகலம் மட்டும் பின்னம். அதோட ப்ரீஸ்கேல் 3, ஃபில்டர் 1. முதல்ல மூணு மடங்கு கூர்மையா பெருசாக்கிட்டு மிச்சத்தை மட்டும் மென்மையாக்கும், அதனால பிக்சல் ஓரத்துல மெல்லிய கலப்பு மட்டும்தான் இருக்கும். ரெட்ரோஆர்ச்ங்கற எமுலேட்டர்ல ஷார்ப் பைலீனியர் ஷேடர் செய்யறதும் இதுதான்.

இன்ட்ஓவர்ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு. 1080-ல 5 மடங்கு போனா 1120. மேல நாலு கேம் வரி, கீழ நாலு கேம் வரி வெட்டுப்படும். பழைய ட்யூப்களே ஓரத்தை இவ்வளவு மறைச்சதுதான், தாராளமா போடலாம். ஆனா ஸ்கோரை ஓரத்துலேயே ஒட்டி எழுதின கேம்கள்ல வேண்டாம்.

———

#4 சதுரன்

7×9 என்றால் ஒவ்வொரு பிக்சலும் நெட்டையாகிவிடுகிறதே. அது எப்படி அசல்? 384×224-ஐ 9×9 ஆகப் பெருக்கினால் 3456×2016, அதுவும் திரைக்குள் அடங்குகிறது. ஓவியர் வரைந்த பிக்சல் அப்படியே சதுரமாக இருக்கும்.

———

#5 கேத்தோடு

> ஓவியர் வரைந்த பிக்சல் அப்படியே சதுரமாக இருக்கும்

அந்த ஓவியம் எந்தத் திரையில் காட்டப்படப்போகிறது என்பது அன்றைக்கே தெரியும்: 4:3 ட்யூப். 384 பிக்சலையும் ட்யூப் அந்த அகலத்துக்குள் அடைத்தது, ஆகவே ஒவ்வொரு பிக்சலும் 7:9 என்ற விகிதத்தில் ஒல்லி. நீங்கள் சொல்லும் 9×9-இல் படம் 12:7 ஆகிறது, அதாவது கிட்டத்தட்ட 29 சதவீதம் அகலம் கூடுதல். வீரர்கள் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள்.

ஒரு நியாயம் உண்டு. சில கேம்களில் சில ஸ்ப்ரைட்டுகளைச் சதுர பிக்சல் கணக்கில் வரைந்திருக்கிறார்கள். ஒரே கேமுக்குள் ஒரு வட்டம் 4:3-இல் வட்டமாகவும் இன்னொன்று முட்டையாகவும் வருவதைப் பார்க்கலாம். ஆனால் எந்திரத்தில் பார்த்தவர்களுக்கும் அது முட்டையாகத்தான் தெரிந்தது. கிராஃபிக்ஸை ஆராய்வதற்கு என்றால் மேமிலேயே பிக்சல் ஆஸ்பெக்ட் 12:7 என்று ஒரு வ்யூ இருக்கிறது. விளையாட 4:3.

———

#6 சதுரன்

விளையாட 4:3, ஒப்புக்கொள்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுக்க மட்டும் 12:7 வைத்துக்கொள்கிறேன்.

———

#7 ஃப்ரேம்தவறு

அளவு சரியானாலும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டம் சரியாக வராது, அதை யாரும் தொடவில்லை.

59.637-ஐ 60-இல் காட்டினால் சுமார் 2.75 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை வரும். சண்டை கேமில் அது தப்பித்துவிடும். மார்டல் காம்பேட்டில் நொடிக்கு ஐந்து தடவைக்கு மேல், ஆர்-டைப்பிலும் ஏறக்குறைய அதே. ஆர்-டைப் இடைவிடாமல் பக்கவாட்டில் நகரும் கேம் என்பதால் ஒவ்வொரு தட்டும் கண்ணில் படும்.

சின்க்ரெஃப்ரெஷ் போட்டால் மேம் தன் வேகத்தைத் திரையின் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 0.6 சதவீதம் வேகமாக ஓடும், பரவாயில்லை. மார்டல் காம்பேட் கிட்டத்தட்ட 10 சதவீதம் வேகமாகும், இசையின் சுருதியே ஏறிவிடும். அங்கே அதைப் போடவே கூடாது.

ஃப்ரீசின்க் அல்லது ஜி-சின்க் உள்ள மானிட்டர்தான் சரியான வழி. வெயிட்விசின்க், சின்க்ரெஃப்ரெஷ் இரண்டையும் 0 ஆக்குங்கள், லோலேட்டன்சியை 1 ஆக்குங்கள், முழுத்திரையில் ஓட்டுங்கள். மானிட்டர் மேமின் வேகத்துக்கு வந்துவிடும். ஒரு பொறி: மானிட்டரின் உச்சவரம்பு 60 என்றால் பேக்மேனின் 60.606 வரம்பைத் தாண்டிவிடும், படம் கிழியும். 75 அல்லது அதற்கு மேல் போகும் மானிட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

———

#8 சால்டர்சாமி

ட்யூப் டிவிக்கு வருவோம். வயரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. சாதாரண டிவி ட்யூபும் பெரும்பாலான ஆர்கேட் ட்யூபும் 15 கிலோஹெர்ட்ஸ் வரி வேகத்துக்குச் செஞ்சது. கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது விஜிஏவுல வர்றது 31 கிலோஹெர்ட்ஸ். அதை நேரா கொடுத்தா படம் சிதறும், ட்யூப் கீச்சிடும், விட்டுட்டா ஹாரிசான்டல் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிடும். டெஸ்க்டாப் 15-க்கு வந்த பிறகுதான் டிவியை ஆன் பண்ணணும். டிவியோட பின்மூடியைக் கழட்டவே வேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

கார்டு: அனலாக் வெளியீடு உள்ள ரேடியான். விஜிஏ போர்ட் இருக்கணும், இல்லைன்னா டிவிஐ-ஐ இருக்கணும். டிவிஐ-டி ஆகாது, அதுல அனலாக் ஊசிகள் கிடையாது. ஆர்எக்ஸ் 400 வரிசையிலிருந்து அனலாக்கையே எடுத்துட்டாங்க, அதனால ஹெச்டி 5000 மாதிரி பழசைத் தேடுங்க.

விண்டோஸ்னா சிஆர்டி எமுடிரைவர் (ரேடியானை 15 கிலோஹெர்ட்ஸ் கொடுக்க வைக்கிற டிரைவர்), அதோட க்ரூவிமேம் (ட்யூபுக்காக மாத்தின மேம்). எமுடிரைவரே காம்பசிட் சின்க் (வரி, ஃப்ரேம் தொடக்கத்தைச் சொல்ற ரெண்டு சின்க்கும் ஒரே வயர்ல) கொடுக்கும், அதனால கேபிள்ல கூடுதல் ஐசி வேண்டாம்.

விஜிஏ – ஸ்கார்ட் கேபிள்:
விஜிஏ 1 (சிவப்பு) → ஸ்கார்ட் 15
விஜிஏ 2 (பச்சை) → ஸ்கார்ட் 11
விஜிஏ 3 (நீலம்) → ஸ்கார்ட் 7
விஜிஏ 6, 7, 8 (கிரவுண்ட்) → ஸ்கார்ட் 13, 9, 5
விஜிஏ 13 (சின்க்) → 470 ஓம் → ஸ்கார்ட் 20
விஜிஏ 10 → ஸ்கார்ட் 17
விஜிஏ 9 (5 வோல்ட்) → 180 ஓம் → ஸ்கார்ட் 16, அதோட கிரவுண்ட் ஸ்கார்ட் 18

வண்ண வயர்ல ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம், ரெண்டு பக்கமும் 0.7 வோல்ட், 75 ஓம்தான். சின்க் மட்டும் 5 வோல்ட் டிடிஎல்லா வருது. 470 ஓம், டிவியோட 75 ஓம் ரெண்டும் சேர்ந்து அதை 0.7 வோல்ட்டுக்குக் கொண்டுவரும். 16-வது ஊசிக்கு 1-லிருந்து 3 வோல்ட் வேணும், 180 ஓம் போட்டா ஏறக்குறைய 1.5 கிடைக்கும். அது இல்லைன்னா டிவி ஆர்ஜிபியைக் கண்டுக்காது, திரை கறுப்பாவே இருக்கும். 8-வது ஊசியை விட்டுடுங்க. 4:3-க்கு அதுல 9.5 வோல்ட்டுக்கு மேல வேணும். 5 வோல்ட்டைக் கொடுத்தா அகலத்திரை டிவிகள் 16:9-க்குத் தாவிடும். ரிமோட்ல ஏவியைக் கையால தேர்ந்தெடுத்தா போதும்.

சில கார்டுகள்ல விஜிஏ 9-ல 5 வோல்ட் வராது, மீட்டர் வச்சுப் பாருங்க. வரலைன்னா யூஎஸ்பியிலிருந்து எடுத்துக்கலாம்.

டிவிக்குப் பதிலா ஆர்கேட் மானிட்டர்னா 0.7 வோல்ட் பத்தாது, படம் மங்கலா இருக்கும். நடுவுல வீடியோ ஆம்ப்ளிஃபையர் வேணும்.

———

#9 கேத்தோடு

க்ரூவிமேம் பக்கம் பார்க்க வேண்டியது மானிட்டர் என்ற ஒரே அமைப்பு. வீட்டு டிவிக்கு ஜெனரிக்_15, ஆர்கேட் ட்யூபுக்கு ஆர்கேட்_15. ஜெனரிக்_15-இல் வரி வேகம் 15,625 முதல் 15,750 வரை. ஆர்கேட்_15 அதை 16,200 வரை விடும். மார்டல் காம்பேட்டின் 15,810 முதல் வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே டிவி அமைப்பில் ஸ்விட்ச்ரெஸ் (க்ரூவிமேமில் திரை அளவைக் கணக்கிடும் பகுதி) காலி வரிகளைக் குறைத்து வேகத்தைச் சமாளிக்கும். ஃப்ரேம் வேகம் 54.7-லேயே நிற்கும்.

அகலம் ஏன் பொருட்டில்லை என்று சொல்வதாகச் சொன்னேன். ட்யூபில் கிடைமட்டமாகப் பிக்சல் என்று எதுவும் இல்லை. எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக இடைவிடாமல் ஓடுகிறது, வெளிச்சம் மட்டும் மாறுகிறது. 384 துண்டாகக் கொடுத்தாலும் 2560 துண்டாகக் கொடுத்தாலும் அதே அகலம்தான். அதனால்தான் சூப்பர் ரெசல்யூஷன் என்று அகலத்தை 2560-இல் நிறுத்திவிட்டு உயரத்தை மட்டும் கேமுக்கேற்ப மாற்றுகிறார்கள். 320 அதில் சரியாக 8 தடவை அடங்கும், 256 பத்து தடவை. 384-க்கு 6.67 வருகிறது. எல்சிடியில் அது நெளிவாகும், ட்யூபில் அந்தச் சிறு வித்தியாசம் கண்ணில் படாது.

வரிகளில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. 224 என்றால் 224.

———

#10 நாணயத்துளை

பேக்மேன், கேலகா எல்லாம் நிற்கும் திரைக் கேம்கள். டிவியைத் திருப்பாமல் அசலாக வருமா?

———

#11 கேத்தோடு

வராது. படுக்கைத் திரையில் பேக்மேனுக்கு 288 வரி வேண்டும். காலி வரிகளுடன் சுமார் 308. அதை 60.606-இல் வரைய வரி வேகம் 18.7 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது, 15 கிலோஹெர்ட்ஸ் ட்யூபால் முடியாது. 15,750-க்குள் அடக்கினால் ஃப்ரேம் 51-க்கு இறங்கிவிடும். இல்லையென்றால் இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி வரைவது), அதில் மெல்லிய கோடுகள் துடிக்கும். ட்யூபைப் பக்கவாட்டில் நிறுத்துவதுதான் வழி. அப்படி நிறுத்தினால் 224 வரி, 16,000 வரி வேகம், ஆர்கேட்_15-க்குள் வந்துவிடும். திருப்பும்போது காந்தப் பாதிப்பால் மூலைகளில் நிறம் மாறும். டீகாஸ் ஆகிற வரை, அதாவது அணைத்து ஆறவிட்டு மறுபடி போடும் வரை, அப்படித்தான் இருக்கும்.

4கே எல்சிடியில் திருப்பாமலே 288×7 = 2016 உயரம், 224×7 = 1568 அகலம். சரியான 3:4-ஐவிட 3.7 சதவீதம் அகலம். எனக்கு அது போதும்.

———

#12 மறைவரி

7×9 அருமையாக வந்தது, தரை நெளிவு முழுக்கப் போய்விட்டது, நன்றி. ஆனால் ட்யூப் பக்கம் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். மோட்லைனை (திரையின் க்ளாக், அளவு, சின்க் எண்களைச் சொல்லும் வரி) கையால் எழுதினால் எப்படி இருக்கும்? இன்னொன்று, எல்சிடியில் கறுப்பின் மேல் வரும் சிவப்பு எழுத்து மட்டும் பிசிறடிக்கிறது.

———

#13 பிக்சல்பித்தன்

சிவப்பு மட்டும் பிசிறடிச்சா அது க்ரோமா. திரை டிவியா இருந்தா 4:2:0 அல்லது 4:2:2-ல நிறத்தைக் குறைச்சு வாங்குது. உள்ளீட்டைப் பிசி மோடுக்கு மாத்துங்க, கார்டு பக்கம் ஆர்ஜிபி அல்லது 4:4:4. டிவியோட ஓவர்ஸ்கேனையும் நிறுத்துங்க, இல்லைன்னா 7×9 கணக்கே வீண். விண்டோஸ்ல ஓட்டறவங்க டிபிஐ ஸ்கேலிங் 125-ல இருக்கான்னும் பாருங்க, அது ஜன்னலையே இழுத்துடும்.

———

#14 சால்டர்சாமி

மோட்லைன். கணக்கு #2-லயே இருக்கு, 512-லயும் 262-லயும் சின்க்கை எங்கே வைக்கிறதுங்கறது மட்டும்தான் மிச்சம்.

8.000  384 402 440 512  224 235 238 262  ரெண்டு சின்க்கும் நெகட்டிவ்

440-லிருந்து 402-ஐக் கழிச்சா 38 பிக்சல், 8 மெகாஹெர்ட்ஸ்ல 4.75 மைக்ரோநொடி. டிவி எதிர்பார்க்கிறது 4.7. சரியா இருக்கு.

இதுல ஒரு சிக்கல்: பல கார்டுகளும் டிரைவர்களும் 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்காது. கிடைமட்ட எண்களை மட்டும் நாலால பெருக்குங்க:

32.000  1536 1608 1760 2048  224 235 238 262

32 மெகாஹெர்ட்ஸை 2048-ஆல வகுத்தா அதே 15,625. ட்யூபுக்கு வித்தியாசமே தெரியாது. எக்ஸ்ரேண்டர் கட்டளையில நியூமோட், பிறகு ஆட்மோட், பிறகு அவுட்புட்ல மோடைத் தேர்வு. எக்ஸ்11-லதான் இது நடக்கும், வேலண்ட்ல எடுபடாது. மேம்ல ஸ்விட்ச்ரெஸ் 0, கீப்ஆஸ்பெக்ட் 0, ஃபில்டர் 0. கீப்ஆஸ்பெக்டை மறந்து 1-ல விட்டா 1536×224-ஐ ரொம்ப அகலமான திரைன்னு நினைச்சு நடுவுல ஒரு குறுகின பட்டையா வரையும்.

எமுடிரைவர் இல்லாததால எச் சின்க், வி சின்க் தனித்தனியா வரும். 74எச்சி86 (நாலு எக்ஸ்ஓஆர் கேட் உள்ள ஐசி) ஒண்ணு போதும். முதல் கேட்டுக்கு விஜிஏ 13, 14. அதோட வெளியீட்டை ரெண்டாவது கேட்டுக்குக் கொடுத்து, அந்தக் கேட்டோட இன்னொரு உள்ளீட்டை 5 வோல்ட்ல கட்டுங்க. ரெண்டு நெகட்டிவ் சின்க் முதல் கேட்ல பாசிட்டிவா மாறிடும், ரெண்டாவது கேட் அதைத் திருப்பிடும். அங்கிருந்து 470 ஓம் வழியா ஸ்கார்ட் 20. பயன்படாத ரெண்டு கேட்டோட உள்ளீடுகளைக் கிரவுண்ட்ல கட்டுங்க, ஐசியோட பவர் ஊசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். 

———

#15 நாணயத்துளை

இதே முறையில் ஆஸ்டராய்ட்ஸுக்கு எத்தனை வரி போடணும்?

———

#16 கேத்தோடு

அது வெக்டர் கேம், வரியே கிடையாது. எந்திரத்தில் கற்றை கோடு கோடாக வரைந்தது. உங்களிடம் உள்ள மிகப் பெரிய ரெசல்யூஷனில் ஓட்டுங்கள், 4கே எல்சிடிதான் அதற்கு ஏற்ற இடம். 15 கிலோஹெர்ட்ஸ் ட்யூபில் சாய்கோடுகள் படிக்கட்டாகும்.

———

#17 மறைவரி

மோட்லைன் ஏறிவிட்டது, படம் நிலையாக நிற்கிறது. ஆனால் இடது ஓரத்தில் ஒரு துண்டு டிவி சட்டத்துக்குள் மறைகிறது, வலது பக்கம் கறுப்பு தெரிகிறது.

———

#18 சால்டர்சாமி

சின்க்கை முன்னாடி தள்ளுங்க, படம் வலது பக்கம் நகரும். 1608, 1760 ரெண்டுலயும் 32-ஐக் கழிச்சு 1576, 1728 ஆக்குங்க. அது எட்டு கேம் பிக்சல். ரெண்டையும் ஒரே அளவுதான் கழிக்கணும், இல்லைன்னா சின்க்கோட அகலம் மாறிடும். 1536-ஐயும் 2048-ஐயும் தொடாதீங்க. போதலைன்னா இன்னும் 16. மேலே கீழே நகர்த்த 235, 238: ரெண்டுலயும் 2 கழிச்சா படம் ரெண்டு வரி இறங்கும்.